சீட்டும் நாணயமும்

'சீட்டு' என்னும் சொல் தமிழில் இருமுகம் கொண்டது. ஒருவர் 'சீட்டுக் கட்டுகிறார்' என்றால் அவரைச் சிக்கனமானவர் என்று பாராட்டுவோம். 'சீட்டாடுகிறார்' என்றால் அவர் வீட்டில் சம்பந்தம் செய்யத் தயங்குவோம். முன்னது ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையால் நடப்பது. பின்னது அந்த நம்பிக்கையைக் குலைப்பது என்பது நம்மவர் கண்ட முடிவு. இம்முடிவு காரணமின்றிப் பிறந்ததன்று. திருவள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். திருக்குர்ஆன் தன் ஐந்தாம் அத்தியாயத்தில் மதுவோடு சேர்த்தே சூதையும் விலக்கியது. சூதினால் வீடிழந்தவர், நிலமிழந்தவர் கதையை ஒவ்வோர் ஊரும் தன் நினைவில் வைத்திருக்கிறது. ஆகவே, சீட்டுக் கட்டோடு ஓர் இளைஞனைக் கண்டதும் பெரியவர்கள் முகம் சுளிப்பது இயல்பே.

ஆயினும், இன்றைய இளைஞர் பலர் கையில் இருப்பது நாம் அறிந்த ஐம்பத்திரண்டு சீட்டுக் கட்டன்று. பரிமாற்றச் சீட்டு விளையாட்டு என்று அதனைக் கூறலாம். சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதும், தம்முள் மாற்றிக்கொள்வதும், சேர்த்தவற்றிலிருந்து தமக்கென ஒரு கட்டு அமைத்து ஆடுவதும் ஆகிய மூன்றும் இணைந்த பொழுதுபோக்கு அது.

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் என் தமக்கையார் இல்லத்தில் ஒரு மாத காலம் தங்கியிருந்தேன். தமக்கை மகன் கல்லூரி மாணவன். ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவன். அவனிடம் இத்தகைய சீட்டுகள் ஈராயிரத்துக்கு மேல் இருந்தன. ஒருநாள் அவன் என்னிடம், "மாமா, ஊரில் பெரியவங்க இதைப் பார்த்தால் ஒரே வார்த்தையில் கூடாது என்று சொல்லிவிடுவாங்க. நீங்க முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்க. இது கூடுமா, கூடாதா?" என்று கேட்டான். 'பார்த்துவிட்டு' என்று அவன் அழுத்திச் சொன்னது என் உள்ளத்தில் தைத்தது. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது உலமாப் பெருமக்களின் பொறுப்பு, அத்தகுதி எனக்கில்லை. ஆனால், தீர்ப்புக்கு முன்னே பொருளை உள்ளவாறு விளங்கிக்கொள்வது எல்லார்க்கும் உரிய கடமையன்றோ? அவ்வாறு விளங்கிக்கொள்ள முயன்றதன் பயனே இக்கட்டுரை.

பழைய கட்டு

சீட்டு மேலைநாட்டுச் சரக்கு என்று எண்ணுவோர் உளர். வரலாறு வேறு செய்தி கூறுகிறது. இஸ்தான்புல் நகரின் தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் எகிப்து நாட்டு மம்லூக்கியர் காலச் சீட்டுக் கட்டொன்று இருக்கிறது. எல். ஏ. மேயர் என்னும் ஆய்வாளர் 1931இல் அதனைக் கண்டறிந்து பின்னர் உலகுக்கு அறிவித்தார். சில சீட்டுகள் தொலைந்துபோன அக்கட்டில் நான்கு இனங்கள் உள்ளன: கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை. ஒவ்வோர் இனத்திலும் மன்னர், அவருடைய நாயிப், இரண்டாம் நாயிப் எனப் பதவிச் சீட்டுகள் உண்டு. நாயிப் என்றால் பிரதிநிதி. மனித உருவம் ஏதும் அவற்றில் தீட்டப்படவில்லை. பொன்னும் நீலமும் கலந்த பின்னல் வேலைப்பாடும் அழகிய அரபு எழுத்துமே அவற்றை அணிசெய்கின்றன.

1370களில் இவ்வகைச் சீட்டு ஐரோப்பாவில் பரவியது. 1377இல் ஃபிளாரன்ஸ் நகர ஆட்சியினர் 'நயிபே' என்னும் புதிய ஆட்டத்தைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டனர். ஸ்பானிய மொழியில் சீட்டுக்கு இன்றும் 'நைப்பே' என்றே பெயர். 'நாயிப்' என்னும் அரபுச் சொல் அவற்றுள் ஒலிப்பதை எவரும் உணரலாம். நம் நாட்டிலும் பாபர் 1527இல் சிந்து நாட்டு ஷா ஹஸனுக்குக் 'கஞ்சிஃபா' எனும் சீட்டுகளை அனுப்பிவைத்ததாகத் தம் வரலாற்று நூலில் குறித்துள்ளார். அக்பர் அவையில் ஆடப்பட்ட சீட்டுகளை அபுல் ஃபஸல் 'ஆயினே அக்பரி'யில் விரிவாக எழுதியிருக்கிறார்.

முஸ்லிம் நாடுகளில் ஆடப்பட்டது என்பதனாலேயே ஒன்று ஆகுமானதாகிவிடாது. சீட்டென்பது வெறும் தாள். அதனைக் கொண்டு மாந்தர் செய்வதே நன்றும் தீதும் என்பதை மட்டும் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டு மேலே செல்வோம்.

புதிய கட்டு

இன்றைய பரிமாற்றச் சீட்டு விளையாட்டுக்குத் தந்தையென மதிக்கப்படுபவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கர். இவர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வாஷிங்டன் மாநிலத்து விட்மன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1991இல் பீட்டர் அட்கிசன் என்பவரைச் சந்தித்தார். அட்கிசன் 'விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' என்னும் சிறு நிறுவனத்தை அப்போதுதான் தொடங்கியிருந்தார். எளிதில் எடுத்துச் செல்லத்தக்கதும், விழாக்களின் இடைவேளையில் விரைவில் ஆடி முடிக்கத்தக்கதுமான ஒரு விளையாட்டு வேண்டும் என்று அவர் கேட்டார். அவ்வேண்டுகோளிலிருந்து பிறந்ததே 1993 ஆகஸ்டில் வெளிவந்த 'மேஜிக்: த கேதரிங்'. 'கேதரிங்' என்றால் கூடுகை. பின்னர் 1996இல் ஜப்பானில் தோன்றிய போக்கிமான் சீட்டுகளும் பிறவும் இதன் வழிவந்தவையே.

ஆட்ட முறையைச் சுருங்கக் கூறுவேன். ஆடுவோர் இருவரும் கதையில் வரும் மந்திரவாதிகளாகத் தம்மைக் கற்பனை செய்துகொள்கின்றனர். ஒவ்வொருவர்க்கும் உயிர்ப்புள்ளிகள் 20. வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என ஐந்து நிறங்கள். நிலச் சீட்டுகள் ஆற்றல் தரும். அவ்வாற்றலைச் செலவிட்டுப் பிற சீட்டுகளைக் களத்தில் இறக்கலாம். ஒவ்வொரு சீட்டிலும் அதற்குரிய விதி அச்சிடப்பட்டிருக்கும். கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் வேண்டும். அடிப்படை நிலங்கள் நீங்கலாக ஒரே சீட்டு நான்குக்கு மேல் இருக்கலாகாது. முதல் வெளியீட்டில் 295 வகைச் சீட்டுகள் இருந்தன. இன்று அவ்வகைகள் 25,000த்தைக் கடந்துவிட்டன.

மந்திரம் என்னும் கற்பனையே நம்மில் சிலர்க்கு உறுத்தலாம். சூனியம் பெரும்பாவம் என்பதை நாம் அறிவோம். மெய்யாக ஒன்றைச் செய்வதற்கும் கதையில் அதனைப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை என் மருமகன் தெளிவாக உணர்ந்திருந்தான் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அலாவுதீன் கதை கேட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கும் அவ்வேறுபாடு புதிதன்று.

இவ்விளையாட்டின் உயிர்நிலை எது என்று ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். சதுரங்கத்தில் இருவர்க்கும் காய்கள் சமம். பெட்டி ஒன்று போதும். இங்கோ எல்லாச் சீட்டுகளும் எவரிடமும் இரா. எனக்கு வேண்டியது உன்னிடம் இருக்கும். உனக்கு வேண்டியது என்னிடம் இருக்கும். ஆகவே, பிறரைத் தேடிச் செல்லாமல் இதனை ஆடவே இயலாது. கூடுகை என்னும் பெயர் பொருந்துவது இதனால்தான். உலகின் பல நகரங்களில் 2000ஆம் ஆண்டு முதல் வெள்ளிக்கிழமை மாலைகளில் சீட்டுக் கடைகளில் ஆட்டக்காரர்கள் கூடும் வழக்கம் ஏற்பட்டது. வெள்ளிக்கிழமையின் கூடுகை நமக்கு வேறொன்று. ஆயினும் மாந்தர் கூடுவதற்கு ஒரு நாளும் இடமும் வேண்டும் என்னும் தேவை எங்கும் ஒன்றே.

பணயம் நீங்கிய கதை

பெரியோர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்விளையாட்டின் முதல் விதிநூலில் பணயம் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் கட்டிலிருந்து ஒரு சீட்டைக் குலுக்கலாக எடுத்து ஒதுக்கிவைக்க வேண்டும். வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். சீட்டுகள் ஒரே கையில் தேங்காமல் சுழலும் என்பது ஆக்கியோன் கருத்து. ஆனால் ஆடியவர்கள் அதனை விரும்பவில்லை. நண்பனோடு ஆடி, நண்பன் அரிதின் தேடிச் சேர்த்த பொருளைப் பறித்துக்கொண்டு வீடு திரும்ப மனம் ஒப்பவில்லை. சூதாட்டச் சட்டங்களின் அச்சமும் சேர்ந்துகொண்டது. முறையான போட்டிகளில் பணயச் சீட்டுகள் தடைசெய்யப்பட்டன. 1995ஆம் ஆண்டின் இறுதியில் வந்த தொகுதிக்குப் பிறகு அத்தகைய சீட்டு அச்சிடப்படவும் இல்லை.

மார்க்கம் விலக்கிய ஒன்றை, நம் மார்க்கத்தை அறியாத இளைஞர் கூட்டமொன்று தன் அனுபவத்தால் விலக்கிக்கொண்டது. பணயம் நட்பைத் தின்னும் என்பதை அவர்கள் இரண்டே ஆண்டுகளில் கண்டுகொண்டனர்.

ஷஹ்ராஜாதின் சீட்டு

மருமகனின் ஆல்பத்தைப் புரட்டியபோது எனக்கு வியப்பளித்த ஏடு ஒன்றுண்டு. இவ்விளையாட்டின் முதல் துணைத் தொகுதி 1993 டிசம்பரில் வெளிவந்தது. அதன் பெயர் 'அரேபியன் நைட்ஸ்'. நாம் 'ஆயிரத்தொரு இரவுகள்' என்று வழங்கும் கதைக் களஞ்சியத்தை அடிப்படையாகக் கொண்டு கார்ஃபீல்டே அதனை வடிவமைத்தார். 78 வகைச் சீட்டுகள். அலாவுதீன், அலிபாபா, பறக்கும் கம்பளம், பித்தளை நகரம், பாக்தாத் கடைத்தெரு என்று நம் பாட்டிமார் சொன்ன கதைகளின் பெயர்களெல்லாம் அத்தொகுதியில் உள்ளன. அசல் சீட்டுகள் விலை மிகுந்தவை; மருமகன் அவற்றின் படங்களை மட்டுமே வெட்டி ஒட்டி வைத்திருந்தான்.

அவற்றுள் ஒன்று ஷஹ்ராஜாத். அச்சீட்டைப் போட்டால் நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் நின்றுவிடும். எஞ்சிய சீட்டுகளைக் கொண்டு ஆட்டத்துக்குள் இன்னோர் ஆட்டம் தொடங்கும். உள்ளாட்டத்தில் வெல்லாதவர் வெளியாட்டத்தில் பாதி உயிர்ப்புள்ளிகளை இழப்பார். கதைக்குள் கதை கூறித் தன் உயிரை இரவுதோறும் காத்துக்கொண்ட பெண்ணின் உத்தியை விளையாட்டின் விதியாகவே மாற்றிய நுட்பத்தை இலக்கிய மாணவர் எவரும் மெச்சுவர். ஆட்டம் முடிவின்றி நீள்கிறது என்பதால் 2007இல் போட்டிகளிலிருந்து அது விலக்கப்பட்டது. அரசனைப் போலப் போட்டி நடத்துவோர் பொறுமையுடையவராயில்லை போலும்!

அத்தொகுதியிலேயே மனத்தை உறுத்துவனவும் இருந்தன. ஒரு சீட்டில் திருக்குர்ஆன் வசனமொன்றின் மொழிபெயர்ப்பு அச்சாகியிருந்தது. கலைத்துப் போடும் தாளில் இறைவசனம் இடம்பெறுவது நமக்கு உவப்பாகாது. இன்னொரு சீட்டின் பெயர் 'ஜிஹாத்'. ஆழ்ந்த பொருளுடைய சொல் அங்கே வெறும் போர்க்கருவியாகச் சுருங்கிக் கிடந்தது. 2020 ஜூன் மாதத்தில் அந்நிறுவனம் இனத்தையும் பண்பாட்டையும் இழிவுபடுத்துவனவாகக் கருதிய ஏழு சீட்டுகளைத் தன் பட்டியலிலிருந்து படம் நீக்கிப் போட்டிகளிலும் தடைசெய்தது. 'ஜிஹாத்', 'குரூசேட்' என்னும் இரண்டும் அவற்றுள் அடங்கும். இருபத்தாறு ஆண்டுகள் கழித்தேனும் ஒரு சொல்லின் கனத்தை உணர்ந்தது நன்றே.

மேசையின் ஒழுக்கம்

மருமகனோடு சில மாலைகள் அவன் செல்லும் கடைக்குச் சென்று ஓரமாக அமர்ந்திருந்தேன். சீனர், மலாய்க்காரர், தமிழர் எனப் பலரும் நீண்ட மேசைகளில் அமர்ந்திருந்தனர். அங்கே எழுதப்படாத ஒழுக்கம் ஒன்று நிலவியதைக் கண்டேன். பிறர் ஆல்பத்தைக் கேளாமல் தொடுவதில்லை. தம் கட்டைக் கலைத்தபின் எதிரே இருப்பவரிடம் நீட்டுகின்றனர். அவர் வெட்டித் தந்த பின்னரே ஆட்டம் தொடங்குகிறது. நம்பிக்கையும் வேண்டும், அதனைச் சரிபார்க்கும் வழியும் வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய பாடம் உண்டோ? கட்டில்லாமல் வந்த புதியவனுக்கு ஒருவர் தம் கட்டையே இரவலாகத் தந்தார். ஆடி முடித்தவன் சீட்டுகளை எண்ணி அடுக்கி ஒப்படைத்த விதத்தில் அமானிதம் என்னும் சொல்லின் பொருளைக் கண்ணால் கண்டேன்.

இவ்வுலகில் நாணயம் சோதிக்கப்படும் இடம் பரிமாற்றமே. சீட்டின் மதிப்பு அதன் அருமையையும், ஆட்டத்தில் அதன் பயனையும், அதன் நிலையையும் பொறுத்தது. மூலையில் சிறு மடிப்பு இருந்தாலும் விலை பெருமளவு குறையும். பளபளக்கும் உறைக்குள் இட்டுவிட்டால் அம்மடிப்புக் கண்ணுக்குத் தெரியாது. இதனை அறிந்தவர்க்கும் அறியாதவர்க்கும் இடையே நடக்கும் மாற்றத்தில் ஏமாற்ற இடம் மிகுதி.

ஒரு மாலை, பத்து வயதிருக்கும் சீனச் சிறுவன் ஒருவன் என் மருமகனிடம் வந்தான். மருமகனின் ஆல்பத்தில் இருந்த பறவைநாகப் படமொன்று அவனுக்குப் பிடித்துவிட்டது. அதற்கு ஈடாகத் தன்னிடமிருந்த நிலச் சீட்டொன்றை நீட்டினான். நாகத்தின் விலை ஒரு தேநீர்க்காசு. நிலத்தின் விலையோ அதனைப் போல முப்பது மடங்கு. பொலிவற்ற அந்நிலத்தின் மதிப்பைச் சிறுவன் அறியான். மருமகன் அதனைத் தொடாமலே, "தம்பி, இது விலை கூடியது. அத்தாவைக் கூப்பிடு" என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னான். தந்தை வந்ததும் இரண்டின் விலையையும் காட்டினான். பின்னர் நாகத்தைச் சிறுவனுக்கு அன்பளிப்பாகவே கொடுத்துவிட்டான். தந்தை நெடுநேரம் அவன் கையைப் பற்றிக்கொண்டிருந்தார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்து, அடியில் ஈரமிருப்பதைக் கண்டு, மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்த வரலாறு நம் பிள்ளைகள் மதரஸாவில் படிப்பதே. தானியத்துக்குச் சொன்னது தாளுக்கும் பொருந்தும் என்று அவனுக்கு எவரும் தனியே கற்பிக்கவில்லை. கற்றது உரிய இடத்தில் அவனுக்கு நினைவுக்கு வந்தது.

விலை நுழைந்த இடம்

இவ்வளவும் நன்மைப் பக்கம். மறுபக்கத்தையும் மறைக்கலாகாது.

1995இல் நிறுவனம் பழைய சீட்டுகள் பலவற்றை மறுபடி அச்சிட்டது. ஆடுவோர் மகிழ்ந்தனர், சேர்த்துவைத்தவரோ தம் பொருளின் விலை சரிந்ததென்று வெகுண்டனர். அதன் விளைவாக 1996இல் நிறுவனம் குறிப்பிட்ட சீட்டுகளை இனி ஒருபோதும் மறு அச்சிடுவதில்லை என வாக்களித்துப் பட்டியல் வெளியிட்டது. அவ்வாக்கு இன்றளவும் நிற்கிறது. அதன் பயனாகப் பழைய சீட்டுகள் ஆடுபொருள் என்னும் நிலை கடந்து சொத்தாகிவிட்டன. முதல் அச்சில் வந்த 'பிளாக் லோட்டஸ்' என்னும் சீட்டொன்று 2024இல் 30 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. அத்தகைய சீட்டை எவரும் கலைத்து ஆடுவதில்லை. கண்ணாடிப் பேழையில் அடைத்துவைக்கின்றனர்.

2022இல் முப்பதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு அப்பழஞ்சீட்டுகளின் படிகளை வேறு முதுகுடன் அச்சிட்டு, 60 சீட்டுகள் கொண்ட நான்கு உறைகளை 999 டாலருக்கு விற்றது நிறுவனம். உள்ளே எது வருமென்று எவர்க்கும் தெரியாது. முறையான போட்டிகளில் ஆடவும் இயலாது. வாக்கின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கைவிட்டதாக ஆட்டக்காரர் பலர் வருந்தினர். நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ஒன்று பெருகும்போது மற்றொன்று குறையாமல் காப்பது எளிதன்று.

இதனினும் வருத்தம் தரும் நிகழ்ச்சி 2024 செப்டம்பரில் நடந்தது. 'கமாண்டர்' என்றோர் ஆட்டமுறை உண்டு. நூறு சீட்டுக் கட்டுடன் நால்வர் சேர்ந்து, வெற்றியைவிட உறவாடலைப் பெரிதெனக் கொண்டு ஆடுவது. ஆட்டக்காரர்களே உருவாக்கியது. அதன் விதிகளை ஊதியம் பெறாத தன்னார்வலர் குழுவொன்று பல்லாண்டுகள் பேணிவந்தது. ஆட்டத்தின் நலன் கருதி அக்குழு செப்டம்பர் 23 அன்று நான்கு சீட்டுகளைத் தடைசெய்தது. அவற்றுள் சில நூறு டாலரை ஒட்டியும் தாண்டியும் விலைபோனவை. விலை சரிந்தது. தொண்டு செய்தவர்களுக்கு மிரட்டல்கள் வந்து குவிந்தன. செப்டம்பர் 30 அன்று ஆட்டமுறையின் பொறுப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. உறவுக்காக உருவான ஆட்டத்தை உறவினாலேயே காக்க இயலாமற்போனது. பணயத்தை முன்வாசல் வழியே வெளியேற்றிய கூட்டம், விலை வடிவில் அது பின்வாசல் வழியே நுழைந்ததைக் கவனியாதிருந்துவிட்டது.

மூடிய உறை

இனி, என் மருமகனின் வினாவுக்கு வருவோம். ஆட்டத்தில் பணயம் இல்லை. பரிமாற்றத்தில் நேர்மை கைக்கொள்ளத்தக்கதே. எஞ்சியிருக்கும் சிக்கல் மூடிய உறை. கடையில் விற்கும் உறைக்குள் பெரும்பாலும் 14, 15 சீட்டுகள் இருக்கும். பெரும்பான்மை மலிவானவை, ஒன்றோ இரண்டோ அரியவை. காசு கொடுப்பவர் எதனை வாங்குகிறோம் என்று அறியாமலே வாங்குகிறார். 2023இல் உலகிலேயே ஒரேயொரு படி மட்டும் அச்சிட்ட சீட்டொன்றை எங்கோ ஓர் உறைக்குள் வைத்துவிற்றனர். கனடாவில் ஒருவர்க்கு அது கிடைத்தது. சுமார் 20 இலட்சம் டாலருக்கு அதனை விற்றார். அதனைத் தேடி உறை கிழித்த மற்றவர்க்குக் கிடைத்தது கிழித்த உறை.

அறியாமைக் காலத்து அரபியரிடையே 'முலாமஸா' என்றொரு விற்பனை முறை இருந்தது. துணியை விரித்துப் பாராமல், தொட்டாலே வாங்கியதாக முடிவு. 'முனாபதா' என்பதில் எறிந்தாலே விற்றதாக முடிவு. நபியவர்கள் இவ்விரண்டையும் தடுத்தார்கள். பொருள் இன்னதென்று தெரியாத வாணிபம் ஒருவரின் அறியாமையை மற்றொருவரின் இலாபமாக்குகிறது என்பதே அதன் கருத்தென மார்க்க அறிஞர்கள் விளக்குவர். மூடிய உறை இவ்வகையில் அடங்குமா என்பதை அவர்களே ஆராய்ந்து கூறவேண்டும். 2001இல் சவூதி அரேபியா போக்கிமான் சீட்டுகளைத் தடைசெய்தபோது கூறப்பட்ட காரணங்களுள் சூதும் ஒன்று. 2018இல் பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணையம், கணினி விளையாட்டுகளில் காசுக்கு விற்கும் மூடிய பெட்டிகள் சிலவற்றைச் சூதென்றே அறிவித்தது. கவலை நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்காக இதனைக் குறிப்பிட்டேன்.

மனம் நிறைவடைந்த செய்தி யாதெனில், இச்சிக்கலுக்கான மருந்தையும் ஆட்டக்காரர்களே கண்டறிந்திருப்பதுதான். அவர்களுள் பட்டறிவுடையோர் புதியவர்க்குச் சொல்லும் முதல் அறிவுரை, உறையைக் கிழிக்காதே, வேண்டிய சீட்டை விலைபேசித் தனியே வாங்கு என்பது. மலிவான பொதுச் சீட்டுகளை மட்டும் கொண்டு ஆடும் 'பாப்பர்' என்னும் முறையை ஆட்டக்காரர்கள் வளர்த்தனர். 2019இல் அதற்கு முறையான ஏற்பும் கிடைத்தது. அச்சொல்லுக்கு ஏழை என்று பொருள். பணம் படைத்தவனும் இல்லாதவனும் அங்கே ஒரே மேசையில் சமமாக அமரலாம்.

இன்னொன்று 'கியூப்' என்பது. ஒருவர் தாம் சேர்த்த சீட்டுகளிலிருந்து பல நூறு தேர்ந்து ஒரு பெட்டியில் வைத்திருப்பார். எட்டுப்பேர் சுற்றி அமர்வர். பெட்டியிலிருந்து சிறு சிறு கட்டுகள் பிரித்துத் தரப்படும். ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு எஞ்சியதை அடுத்தவர்க்கு நீட்டுவர். அவ்வாறு திரட்டியவற்றால் கட்டமைத்து ஆடுவர். ஆட்டம் முடிந்ததும் அத்தனை சீட்டும் பெட்டிக்கே திரும்பிவிடும். எவரும் எதையும் வென்று எடுத்துச் செல்வதில்லை, இழப்பதும் இல்லை. திடீரென்று எது வருமோ என்னும் ஆவல் அங்கும் உண்டு. ஆனால் அந்த ஆவலுக்கு எவரும் காசு கொடுப்பதில்லை. என் மருமகனும் அவன் தோழர்களும் இரண்டாண்டு உழைத்து இத்தகைய பெட்டியொன்றைச் சேர்த்திருந்தனர். மஃரிபுக்கு முன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சீட்டுகளை எண்ணி அடுக்குவதும் அவர்கள் வழக்கம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் மேசைக்கடியில் குனிந்து எல்லாரும் தேடுவார்கள்.

நான் அவனிடம் கூறியது இது: "பணயம் வைத்து ஆடாதே. மூடிய உறைக்குக் காசு கொடுக்காதே. உன்னைவிடக் குறைவாக அறிந்தவனிடம் இலாபம் பார்க்காதே. தொழுகையும் படிப்பும் தாய்தந்தையர் அழைப்பும் வந்தால் பாதி ஆட்டத்திலும் எழுந்துவிடு. இந்நான்கையும் காத்தபின் எஞ்சியிருப்பதை எடுத்துக்கொண்டு ஓர் ஆலிமிடம் போ. அவரையும் மேசையருகே அமரவைத்துக் காட்டிவிட்டுக் கேள்." அவன் அவ்வாறே செய்வதாகச் சொன்னான். அவ்வூர்ப் பள்ளிவாசல் இமாம் ஒருநாள் வந்து ஒரு மணி நேரம் பார்த்திருந்து பல வினாக்கள் கேட்டதாகவும், உறை வாங்குவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னதாகவும் பின்னர் எனக்கு எழுதினான்.

நம் கல்லூரி வளாகத்திலும் புதிய புதிய பொழுதுபோக்குகள் வந்துகொண்டுதான் இருக்கும். சில சீட்டாக வரும். சில திரையாக வரும். பெயர் தெரியாத வடிவிலும் வரலாம். அவற்றுள் இளைஞர்களை ஒருவரோடொருவர் பிணைக்கும் பகுதி எது, ஒருவரையொருவர் சுரண்டவைக்கும் பகுதி எது என்று பிரித்தறிய வேண்டியவர்கள் ஆசிரியர்களும் பெரியவர்களுமே. தொலைவில் நின்று கூறும் 'கூடாது' அறைக்கதவைச் சாத்தவைக்கும். அருகில் அமர்ந்து கூறும் 'கூடாது' கேட்கப்படும். மாணவர்களும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். வீட்டுப் பெரியவர்க்கு ஒரு நாற்காலி போட்டு, தாம் ஆடுவதை ஒளிக்காமல் காட்டலாம். காட்டத் தயங்கும் பகுதி ஏதேனும் இருந்தால், அது எந்தப் பகுதி என்று அவர்களுக்கே அப்போது தெரிந்துவிடும்.